இருட்டுத் தெருவும் நம் ஓட்டும்

சிகந்தராபாத்தில் ரயில் பாதையை ஒட்டி எங்கள் பஸ்தி இருக்கிறது. எங்கள் தாத்தாமார் ரயில்வே வேலைக்கும் கட்டட வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நாங்கள் இங்கேயே பிறந்தோம். கடையில் தெலுங்கு பேசுவோம். பஸ்ஸில் இந்தி பேசுவோம். வீட்டில் தமிழ் பேசுவோம்.

எங்கள் பஸ்தியில் மாலை 7 மணிக்கு எழுத்தறிவு வகுப்பு நடக்கும். நான் பாடம் சொல்லித் தருகிறேன். படிக்க வருபவர்கள் எல்லோரும் என்னைவிடப் பெரியவர்கள்.

ஒரு நாள் பூ விற்கும் அக்கா வகுப்புக்குத் தாமதமாக வந்தார். கழுத்தில் கை வைத்தபடியே வந்தார். கையை எடுத்துப் பார்த்தோம். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு.

"செயின் போச்சு கண்ணு" என்றார். "மோட்டார் சைக்கிளில் ரெண்டு பேர் வந்தாங்க. பின்னாடி இருந்தவன் இழுத்துட்டான். முகம்கூடத் தெரியல. ஒரே இருட்டு."

மூன்று வருடம் சீட்டுப் போட்டு வாங்கிய செயின் அது.

அது நடந்தது தண்டவாளத்தை ஒட்டிய சந்தில். அங்கே 4 விளக்குக் கம்பங்கள் உண்டு. அதில் 2 விளக்குகள் எரிவதில்லை.

அன்று பாடம் நடக்கவில்லை. எல்லோரும் பேசினார்கள். பேச்சு தேர்தல் பக்கம் திரும்பியது.

ஒரு பாட்டி சொன்னார்: "இனிமே நான் ஓட்டே போடப் போறதில்ல. போட்டு என்ன கண்டோம்? ஆறு மணிக்கு மேல வெளியே போக முடியல."

இன்னொரு அக்கா சொன்னார்: "கார்ப்பொரேட்டரா ஒரு பலசாலி வரணும். நாலு பேரை வச்சிருக்கிற ஆளா இருக்கணும். அவன் போட்டாத்தான் இந்தத் திருடனுங்க அடங்குவாங்க."

மூலையில் இருந்த அத்தை சொன்னார்: "எல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க வேலை. அவங்க ஆளுக்கு எதிரா நிக்கிறவனுக்குத்தான் என் ஓட்டு."

மூன்று பேரும் பயத்தில் பேசினார்கள். மூன்று பேரின் பயமும் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயம் அவர்கள் ஓட்டை மூன்று பக்கம் இழுத்தது. பாட்டியை வீட்டுக்குள் இழுத்தது. அக்காவைப் பலசாலி பக்கம் இழுத்தது. அத்தையை அக்கம்பக்கத்தார் மேல் கோபத்துக்கு இழுத்தது.

இந்த மூன்று வழியிலும் போனால் அந்தச் சந்தில் விளக்கு எரியுமா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டுக்குள் இருந்துவிட்டால்

நம் ஊர் மாநகராட்சியின் பெயர் பெரிய ஹைதராபாத் மாநகராட்சி. 2007-ஆம் ஆண்டு அது உருவானது. பழைய மாநகராட்சியோடு சுற்றியிருந்த 12 நகராட்சிகளைச் சேர்த்தார்கள். கிராமப் பஞ்சாயத்துகளையும் சேர்த்தார்கள். மொத்தம் 150 வார்டுகள் ஆக்கினார்கள்.

முதல் தேர்தல் 2009-ல் நடந்தது. 100 பேரில் சுமார் 42 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். அடுத்த தேர்தல் 2016-ல். அப்போது 100-க்குச் சுமார் 45 பேர் போட்டார்கள். அதற்கு அடுத்தது 2020 டிசம்பர் 1-ஆம் தேதி. அப்போது 100-க்குச் சுமார் 46 பேர்.

மூன்று தேர்தலிலும் பாதிப் பேருக்கு மேல் ஓட்டுச் சாவடிக்கு வரவில்லை. வராததற்குக் காரணங்கள் பல. வேலைக்குப் போக வேண்டும் என்பது சிலருக்கு. பட்டியலில் பெயர் இல்லை என்பது சிலருக்கு. 2020-ல் கொரோனா பயமும் இருந்தது. "போட்டு என்ன ஆகப்போகிறது?" என்ற சலிப்பும் உண்டு. எங்கள் பாட்டிக்கு வந்தது அந்தச் சலிப்புத்தான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு வார்டில் 100 ஓட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 46 பேர் வந்து ஓட்டுப் போடுகிறார்கள். மூன்று பேர் போட்டி போடுகிறார்கள். ஒருவருக்கு 18 ஓட்டு. ஒருவருக்கு 15 ஓட்டு. ஒருவருக்கு 13 ஓட்டு.

யார் ஜெயித்தார்? 18 ஓட்டு வாங்கியவர்.

100 பேர் வார்டுக்கு 18 பேர் போதும் என்று ஆகிவிட்டது. இது ஒரு ரவுடிக்கு மிகவும் வசதி. அவர் 100 பேரையும் பிடிக்க வேண்டியதில்லை. 18 பேருக்குப் பணமோ சாராயமோ கொடுத்தால் போதும். மற்றவர்கள் வெளியே வராமல் இருந்தால் போதும்.

பாட்டி கோபத்தில் ஓட்டுப் போடாமல் இருக்கிறார். யாருக்கு லாபம்? யார் மேல் கோபமோ, அவருக்கே லாபம்.

சில இடங்களில் பயமுறுத்தியே மக்களை விரட்டுவார்கள். சென்னையில் 2006 அக்டோபரில் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. ஓட்டுப் போடும் நாளில் பல இடங்களில் அடிதடி நடந்தது. சாவடிக்குள் புகுந்து கள்ள ஓட்டுப் போட்டார்கள் என்று புகார் வந்தது. ஆனால் மக்கள் அதோடு விடவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கடைசியில் 2007 பிப்ரவரியில் பல வார்டுகளில் மறுபடியும் தேர்தல் வைத்தார்கள்.

புகார் கொடுத்ததால்தான் மறு தேர்தல் வந்தது. எல்லோரும் வீட்டுக்குள் இருந்திருந்தால் வந்திருக்குமா?

பலசாலிக்குப் போட்டால்

அக்கா சொன்னதும் நாட்டில் பல பேர் சொல்வதுதான்.

மிலன் வைஷ்ணவ் என்று ஓர் ஆய்வாளர். குற்ற வழக்கு உள்ளவர்கள் இந்தியாவில் தேர்தலில் எப்படி ஜெயிக்கிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். 2017-ல் அது புத்தகமாக வந்தது. மக்கள் ஏமாந்துபோய்த்தான் இவர்களுக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்று பலர் நினைத்தார்கள். அவர் அப்படி இல்லை என்றார். பல இடங்களில் மக்கள் தெரிந்தேதான் போடுகிறார்கள். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை நடப்பதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஏழை பேச்சு எடுபடுவதில்லை. அதனால் "இந்த ஆள் அதட்டியாவது வேலையை முடிப்பார்" என்று நம்புகிறார்கள்.

நம்புவதில் தவறு என்ன என்று கேட்கலாம்.

யோசித்துப் பாருங்கள். திருடனை அடிக்க ஒருவர் ஆள் வைத்திருக்கிறார். அந்த ஆட்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? கடைக்காரரிடம் மாமூல் வாங்குவார்கள். தள்ளுவண்டிக்காரரிடம் வாங்குவார்கள். பூக்கடை அக்காவிடமும் வாங்குவார்கள். அப்போது நாம் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

இன்னொன்றும் உண்டு. நம் பயத்தால்தான் அவருக்கு மதிப்பு. நம் பயம் தீர்ந்துவிட்டால் அவரை யார் தேடுவார்கள்? அதனால் பயத்தைத் தீர்க்க அவருக்கு அவசரம் இருக்காது.

ஒருவர் மேல் குற்ற வழக்கு இருக்கிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்?

அதற்கு வழி இருக்கிறது. 2002-லும் 2003-லும் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்புகள் சொன்னது. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தலில் நிற்பவர்கள் தங்கள் மேல் உள்ள வழக்குகளை எழுதிக் கொடுக்க வேண்டும். சொத்துக் கணக்கையும் படிப்பையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை மக்கள் பார்க்கலாம். ஓட்டுப் போடுபவருக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. நம் மாநகராட்சித் தேர்தலில் நிற்பவர்களும் இப்படி எழுதிக் கொடுக்கிறார்கள். இதைப் பிரமாணப் பத்திரம் என்பார்கள்.

2020 மாநகராட்சித் தேர்தலில் 1,122 பேர் நின்றார்கள். ஹைதராபாத்தில் நல்லாட்சிக்காகப் பாடுபடும் ஒரு மக்கள் அமைப்பு அவர்களின் பத்திரங்களைப் பார்த்தது. 49 பேர் மேல் குற்ற வழக்கு இருப்பதாகச் சொன்னது. பெரிய கட்சிகள் எல்லாவற்றிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. வழக்கு இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். தண்ணீர் கேட்டு மறியல் செய்தவர் மேலும் வழக்கு இருக்கும். கத்தியால் குத்தியவர் மேலும் வழக்கு இருக்கும். இரண்டும் ஒன்றா? அதனால் "வழக்கு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "என்ன வழக்கு?" என்றும் கேட்க வேண்டும்.

முன்பு இதையெல்லாம் மற்றவர் படித்துச் சொல்ல வேண்டும். இப்போது நமக்கே படிக்கத் தெரியும்.

"அவங்கதான் காரணம்" என்று நினைத்தால்

நம் நகரத்துக்கு இந்த விஷயத்தில் வேதனையான அனுபவம் உண்டு.

1990 டிசம்பரில் ஹைதராபாத்தில் பெரிய மதக் கலவரம் நடந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். நாள்கணக்கில் ஊரடங்கு இருந்தது. தினக்கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்த மாதமே முதலமைச்சர் சென்னா ரெட்டி பதவி விலகினார்.

கலவரம் வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? பயத்தில் தங்கள் ஆட்கள் இருக்கும் பக்கமாகக் குடி போவார்கள். தெரு பிரியும். பிறகு ஓட்டும் பிரியும். ஓட்டுக் கேட்பவர் விளக்கைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. சாக்கடையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. "அவங்க வந்துடுவாங்க, ஜாக்கிரதை" என்று சொன்னால் போதும். ஓட்டு விழும்.

அசுதோஷ் வார்ஷ்னே என்ற அறிஞர் இதைப் பற்றி ஆராய்ந்தார். 2002-ல் அவர் புத்தகம் வந்தது. கலவரம் நடக்கும் நகரங்களையும் அமைதியான நகரங்களையும் அவர் ஒப்பிட்டார். ஹைதராபாத்தை லக்னோவோடு ஒப்பிட்டார். இரண்டு ஊரிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் வாழ்கிறார்கள். ஹைதராபாத்தில் அடிக்கடி கலவரம் வந்தது. லக்னோவில் அப்படி வரவில்லை. ஏன்? தொழிலிலும் சங்கங்களிலும் மக்கள் கலந்து பழகும் ஊரில் வதந்தி எடுபடாது என்றார் அவர். ஒருவருக்கொருவர் தெரிந்திருந்தால், "அது பொய்" என்று உடனே சொல்ல முடியும்.

நாங்கள் இதைப் பேசிய மறுநாள் அத்தை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போனார். அங்கே தையல் வேலை செய்யும் ஓர் அம்மாவிடம் பேசினார். திரும்பி வந்து சொன்னார்: "அவங்க பக்கமும் ரெண்டு பேர் செயின் போயிருக்கு. திருடுறது இந்தப் பக்கத்து ஆளுங்கன்னு அவங்க நினைச்சுக்கிட்டிருக்காங்க!"

வகுப்பில் எல்லோரும் சிரித்துவிட்டோம். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கோபம் வந்தால் என்ன செய்வது?

பயம் சில நேரம் கோபமாக மாறும்.

2019 நவம்பர் 27-ஆம் தேதி இரவு. ஹைதராபாத்தை அடுத்த ஷம்ஷாபாத் பகுதியில் ஓர் இளம் பெண் கால்நடை மருத்துவர் கொடுமைப்படுத்திக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. 4 பேரைப் போலீஸ் பிடித்தது. டிசம்பர் 6-ஆம் தேதி விடியற்காலையில் அந்த 4 பேரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அன்று பலர் போலீஸ்காரர்கள் மேல் பூத் தூவினார்கள்.

பிறகு உச்ச நீதிமன்றம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. நீதிபதி சிர்புர்கர் அதன் தலைவர். 2022-ல் அந்தக் குழுவின் அறிக்கை வெளியானது. போலீஸ் சொன்னதை நம்ப முடியாது என்றது. கொல்ல வேண்டும் என்றே சுட்டார்கள் என்றது.

பூத் தூவிய கோபத்தில் ஒரு கேள்வி மறைந்துபோனது. அந்தப் பெண்ணைக் காணவில்லை என்று வீட்டார் போலீசுக்குப் போனபோது என்ன நடந்தது? புகாரைப் பதிவு செய்யத் தாமதம் ஆனது. எந்த ஸ்டேஷன் எல்லை என்ற பேச்சு வந்தது. இதற்காகப் போலீசார் 3 பேரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கினார்கள்.

சுட்டுக் கொன்றதைப் பற்றிப் பேசியவர்கள் பல பேர். உடனே புகாரை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேசியவர்கள் குறைவு. கோபம் பலமாகத்தான் இருந்தது. ஆனால் கேள்வி சரியான இடத்துக்குப் போகவில்லை.

ஓட்டும் அப்படித்தான். சரியான இடத்தில் போட்டால்தான் வேலை நடக்கும். அதற்கு யார் வேலை எது என்று தெரிய வேண்டும்.

யார் வேலை எது?

நம் அரசியல் சட்டப்படி போலீஸ் மாநில அரசின் வேலை. கார்ப்பொரேட்டர் போலீஸுக்கு மேலதிகாரி அல்ல. திருடனைப் பிடிக்கவோ அடிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. "நான் ரவுடிகளை ஒழிப்பேன்" என்று ஒருவர் வார்டுத் தேர்தலில் சொன்னால், தன்னிடம் இல்லாத அதிகாரத்தை அவர் விற்கிறார்.

அப்படியானால் கார்ப்பொரேட்டரால் ஒன்றும் முடியாதா? அப்படி இல்லை.

1992-ல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தில் 74-வது திருத்தத்தை நிறைவேற்றியது. 1993 ஜூன் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நகராட்சி, மாநகராட்சிகளுக்கான சட்டம் அது. அவை செய்யக்கூடிய 18 வகை வேலைகளின் பட்டியல் அதில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் போலீஸ் இல்லை. ஆனால் தெரு விளக்கு இருக்கிறது. சாலை இருக்கிறது. பஸ் நிறுத்தம் இருக்கிறது. பூங்கா இருக்கிறது. துப்புரவு இருக்கிறது. குடிசைப் பகுதியை மேம்படுத்துவதும் இருக்கிறது.

இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மாநில அரசிடம் கேட்க வேண்டியவை:
போலீஸ் ரோந்து.
புகாரைப் பதிவு செய்வது.
குற்றவாளியைப் பிடிப்பது.
பெண்களைத் தொல்லை செய்பவர்களைப் பிடிக்கும் 'ஷீ டீம்' போன்ற போலீஸ் குழுக்கள். (ஹைதராபாத்தில் இது 2014 அக்டோபரில் தொடங்கியது.)

மாநகராட்சியிடம் கேட்க வேண்டியவை:
தெரு விளக்கு.
சந்தில் வளர்ந்த புதரை வெட்டுவது.
பாழடைந்து கிடக்கும் பொது இடத்தைச் சீராக்குவது.
நாலாவை மூடுவது.
பொதுக் கழிப்பறை. அதற்குப் போகும் வழியில் வெளிச்சம்.

போலீஸ் சரியில்லை என்றால் சட்டமன்றத் தேர்தலில் கேளுங்கள். விளக்கு எரியவில்லை என்றால் வார்டுத் தேர்தலில் கேளுங்கள்.

ஒரு காலத்தில் இதைக் கேட்கவே இடம் இல்லாமல் இருந்தது. ஹைதராபாத் மாநகராட்சிக்கு 1986-ல் தேர்தல் நடந்தது. அதற்கு அடுத்த தேர்தல் 2002-ல்தான் நடந்தது. நடுவில் 16 வருடம். அந்தக் காலத்தில் பிறந்த குழந்தை தேர்தலைப் பார்க்காமலே பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்டது. வார்டுத் தேர்தல் என்பது சின்ன விஷயம் இல்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் என்ன கேட்கலாம்?

நாங்கள் வகுப்பில் இந்தக் கேள்விகளைச் சேர்ந்து எழுதினோம். நீங்களும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. எங்கள் சந்தில் எத்தனை விளக்கு எரியவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?
2. ஜெயித்தால் எத்தனை நாளில் சரி செய்வீர்கள்?
3. உங்கள் மேல் வழக்கு உண்டா? என்ன வழக்கு?
4. ஜெயித்த பிறகு எங்கே, எந்த நேரத்தில் உங்களைப் பார்க்கலாம்?
5. எங்களில் ஒருவர் புகார் கொடுக்கப் போனால் ஸ்டேஷனுக்குக் கூட வருவீர்களா?

ஐந்துக்கும் பதில் சொல்பவர் யார் என்று பாருங்கள். கோபப்படுபவர் யார் என்றும் பாருங்கள்.

சிலர் பதிலுக்குப் பதிலாகக் கவர் கொடுப்பார்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம். வாங்குவதும் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டப்படி இதற்கு ஓர் ஆண்டு வரை சிறைத் தண்டனை கொடுக்கலாம். அபராதமும் போடலாம். மிரட்டி ஓட்டுப் போட வைப்பதும் குற்றம்தான்.

"நீ யாருக்குப் போட்டேன்னு எங்களுக்குத் தெரிஞ்சுடும்" என்று சிலர் மிரட்டுவார்கள். பயப்படாதீர்கள். ஓட்டு ரகசியமானது. மறைப்புக்குள் நீங்கள் தனியாக நிற்கிறீர்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

குற்றம் நடந்தால் உடனே என்ன செய்வது?

ஓட்டு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வரும். திருடன் எந்த நாளும் வருவான். அதனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆபத்து என்றால் 100 அல்லது 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று சொல்லிப் பெரிய குற்றப் புகாரை மறுக்கக் கூடாது. அங்கே பதிவு செய்து, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். பதிவு செய்ததை முதல் தகவல் அறிக்கை என்பார்கள். அதன் நகலைப் பணம் வாங்காமல் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

போலீஸ் ஒரு பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றால், அவர் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்தக் கூடாது.

பூ விற்கும் அக்கா முதலில் புகார் கொடுக்கத் தயங்கினார். "செயின் திரும்பியா வரப்போகுது?" என்றார். நாங்கள் நாலு பேர் கூடப் போனோம். புகார் பதிவானது. நகலை வாங்கிக்கொண்டு வந்தார். அதில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தார்.

எங்கள் மனு

பிறகு நாங்கள் வார்டு ஆபீசுக்கு ஒரு மனு எழுதினோம். வகுப்பில் எல்லோரும் வாக்கியம் சொன்னார்கள். நான் பலகையில் எழுதினேன். இதுதான் மனு:

"ஐயா, வணக்கம்.
எங்கள் பஸ்தியில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் 4 விளக்குக் கம்பங்கள் உள்ளன. 2 விளக்குகள் எரியவில்லை. இருட்டில் பெண்களின் செயினை அறுக்கிறார்கள். மூன்று பேர் செயினை இழந்துவிட்டார்கள். வேலைக்குப் போகும் பெண்களும் டியூஷன் போகும் பிள்ளைகளும் இந்த வழியாகத்தான் வர வேண்டும். 2 விளக்குகளையும் எரியச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். சந்தின் முனையில் புதிதாக ஒரு விளக்கு வேண்டும்.
இப்படிக்கு, பஸ்தி மக்கள்."

தமிழில் எழுதினால் ஆபீசில் படிக்க ஆள் இருக்காது. அதனால் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் அதைத் தெலுங்கில் எழுதிக் கொடுத்தாள். கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துப் பெண்களும் வந்து போட்டார்கள். சிலர் உருதுவில் போட்டார்கள். சிலர் தெலுங்கில் போட்டார்கள். நாங்கள் தமிழில் போட்டோம்.

மொத்தம் 61 கையெழுத்து. எங்கள் வகுப்புப் பெண்களில் ஒருவர்கூடக் கைநாட்டு வைக்கவில்லை.

மனுவை இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்றைக் கொடுத்தோம். மற்றொன்றில் தேதி போட்டு முத்திரை வாங்கிக்கொண்டோம். இது முக்கியம். முத்திரை இருந்தால் "மனு வரவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்று வாரம் கழித்து 2 விளக்குகளும் எரிந்தன. முனையில் கேட்ட புது விளக்கு இன்னும் வரவில்லை. அக்காவின் செயினும் கிடைக்கவில்லை. ஆனால் இப்போது வகுப்புக்கு வருபவர்கள் சந்தைச் சுற்றிக்கொண்டு போவதில்லை. நேராக வருகிறார்கள்.

போன வாரம் பாட்டி என்னிடம் கேட்டார்: "கண்ணு, ஓட்டர் லிஸ்டுல என் பேர் இருக்கான்னு எப்படிப் பாக்கிறது?"

"பார்த்து என்ன பண்ணப் போறீங்க பாட்டி? ஓட்டே போட மாட்டேன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"முனையில விளக்கு வரலையே" என்றார் பாட்டி. "அதைக் கேக்கணும்ல?"

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் எந்த இடத்தில் போகப் பயமாக இருக்கிறது? ஏன்?
2. அதைச் சரி செய்வது யார் வேலை? போலீஸா, மாநகராட்சியா?
3. பயத்தால் நீங்கள் ஓட்டுப் போடாமல் இருந்தது உண்டா?
4. 100 பேரில் 46 பேர் போட்டபோது 18 ஓட்டில் ஒருவர் ஜெயித்தார். 80 பேர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

செய்து பாருங்கள்

இன்று இரவு உங்கள் தெருவில் நடந்து விளக்குகளை எண்ணுங்கள். எரிபவை எத்தனை, எரியாதவை எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள்.

சொல் அறிவோம்

கார்ப்பொரேட்டர்: மாநகராட்சியில் ஒரு வார்டுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்.
பிரமாணப் பத்திரம்: சொல்வது உண்மை என்று உறுதி கூறி எழுதிக் கொடுக்கும் தாள்.
முதல் தகவல் அறிக்கை: குற்றம் நடந்ததாகப் போலீஸ் பதிவு செய்யும் முதல் தாள்.